ஈஸ்டருக்கு பூக்கலன்னு செடி மேல கோவப்படாதீங்க: தோட்டத்தையும் விசுவாசத்தையும் சேக்கறப்ப நாம பண்ற தப்புங்க

வீட்டுத் தோட்டத்த திருச்சபை காலண்டரோட சேத்து வளக்கணும்னு ஆசை வந்த முதல் வருஷமே நான் சொதப்பினேன். உயிர்ப்பு ஞாயிறு அன்னிக்கு பூக்கணும்னு செண்டுமல்லி விதை போட்டேன், விதையிலேர்ந்து பூ வர ஏறக்குறைய எட்டு வாரம் ஆகும்னு தெரியும், அதனால பின்னாடி எண்ணி கரெக்டாதான் போட்டேன், ஆனா எண்ணுனது போன வருஷத்து தேதிய வெச்சு. 2023ல ஈஸ்டர் ஏப்ரல் 9, 2024ல மார்ச் 31. ஒம்பது நாள் லேட். வெறும் மொட்டோட தொட்டிய கெபி (மாதா சுரூபம், அதாவது சிலை வெக்கற சின்ன குகை மாடம்) முன்னாடி வெச்சுட்டு செடிய திட்டிட்டு இருந்தேன்.

மார்ச் 21க்கு அப்பறம் (அன்னிக்கே வந்தாலும் சரி) வர்ற முதல் பௌர்ணமி, அதுக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால மார்ச் 22லேர்ந்து ஏப்ரல் 25 வரைக்கும் எங்க வேணா விழும், ஏறக்குறைய அஞ்சு வாரம் ஆட்டம் காட்டும். விதை வாங்கறதுக்கு முன்னாடி அந்த வருஷ காலண்டர பாருங்க, அவ்ளோதான். அதோட இன்னொரு விஷயம், ஈஸ்டரோட தொடங்கற பாஸ்கா காலம்ங்கறது ஒரு நாள் இல்ல, தூய ஆவி இறங்கி வந்த பெந்தகோஸ்தே திருநாள் வரைக்கும் 50 நாள். ஈஸ்டருக்கு முன்னாடி நோன்பு இருக்கற தவக்காலத்த 40 நாள் இழுத்துப் பிடிச்சுட்டு ஈஸ்டர் மத்தியானமே எல்லாத்தையும் மூட்ட கட்டறது நம்ம பழக்கம், திருச்சபையோட பழக்கம் இல்ல. ஒம்பது நாள் லேட்டா பூத்த என் செண்டுமல்லி பாஸ்கா காலத்துக்குள்ளதான் பூத்துச்சு, லேட்டுன்னு சொன்னது நான்தான்.

இதவிட பெரிய தப்பு, வேற ஊர் பருவத்த கடன் வாங்கறது. உயிர்ப்புன்னா வசந்தம், திருவருகைக் காலம்னா (கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கற வாரங்கள்) பனி, இருட்டுன்னு படிச்சுப் படிச்சு மனசுல ஒட்டிக்கிச்சு, அது பூமியோட வடபாதிக்குத்தான் சரி. தெற்குப் பாதில ஈஸ்டர் வர்றப்ப இலையுதிர் காலம், கிறிஸ்மஸ் நடு வெயில்ல வரும். பூமத்திய ரேகை பக்கம் போனா வசந்தம்னே ஒண்ணு கிடையாது, மழைக்காலமும் வறண்ட காலமும்தான். இலை உதிர்ற நேரத்துல போயி உயிர்ப்புக்கு துளிர் தேடுனா செடியும் பொய், செபமும் பொய்யா போயிடும். காஞ்ச காய் வெடிச்சு விதை மண்ணுல விழற நேரம்னா, "கோதுமை மணி மண்ணில் விழுந்து மடியாவிட்டால்"னு பைபிள்ல யோவான் 12ல வர்றத அங்கயே உக்காந்து வாசிக்கலாமே, அதுக்கு வசந்தம் எதுக்கு?

தவக்காலத்துக்கு வருவோம். பாலைவனம் மாதிரி இருக்கட்டும்னு நாப்பது நாள் தண்ணி ஊத்தாம தொட்டிய காயப் போடறவங்க இருக்காங்க. நோன்பு உங்களுக்கு, செடிக்கு இல்ல. அப்பறம் யோவான் 15ல கனி தர்ற கொடிய கடவுள் கழிச்சு விடறார்னு இருக்கு, அதனால தவக்காலம் தொடங்கற சாம்பல் புதன் வந்தா கத்திரிய எடுத்துட்டு எல்லாத்தையும் வெட்டறது. போன வருஷத்து கிளைல பூக்கற புதர்ச் செடிகள் இருக்கு, அதுங்கள பூக்கறதுக்கு முன்னாடி வெட்டுனா அந்த வருஷப் பூ மொத்தமும் குப்பைக்குப் போயிடும், பூ முடிஞ்சதும்தான் வெட்டணும். புதுத் துளிர்ல பூக்கறத மட்டும் முன்னாடியே வெட்டலாம். எந்தச் செடி எந்த வகைன்னு தெரியலயா, ஒரு வருஷம் சும்மா பாருங்க. தவக்காலத்துக்கு வேலை வேணும்னா கம்போஸ்ட் கிளறறது, களை எடுக்கறது, பழைய தொட்டிய கழுவறது, இதுவே தாராளம்.

திருவருகைக் காலத்துல ஒரே தப்புதான், விதை முளைச்சிருச்சான்னு விரல விட்டுத் தோண்டிப் பாக்கறது. நானும் பண்ணிருக்கேன்.

சரி, மாதா கெபி. சுரூபத்த நிழலா ஒரு மூலைல வெச்சுட்டு சுத்தி ரோஜா நடுவாங்க, ரோஜாவுக்கு தினம் ஆறு மணி நேரமாவது வெயில் வேணும், பூக்கலன்னா குறை மாதாவோடது இல்ல. வெயில் எங்க விழுதுன்னு பாத்துட்டு கெபிய அங்க வைங்க, இல்லன்னா நிழல்ல வளர்ற செடியா தேர்ந்தெடுங்க. மாதா பேரு, புனிதர் பேரு இருக்குன்னு மட்டும் செடி வாங்கறது ஆபத்து. லில்லி ஆஃப் த வேலிய மாதாவோட கண்ணீர்னு சொல்றாங்க, ஃபாக்ஸ்குளோவ மாதாவோட கையுறைம்பாங்க, சூசையப்பர் கோல்னு சில நாட்டுல சொல்றது நம்ம அரளியத்தான், மூணுமே இதயத்துடிப்ப பாதிக்கற விஷம். ஈஸ்டர் லில்லி இருக்கே, வீட்டுல பூனை இருந்தா உள்ள கொண்டு வரவே கூடாது, மகரந்தத்த நக்குனாலே, ஏன் ஜாடித் தண்ணிய குடிச்சாலே கிட்னி போயிடும். குழந்தைங்க செபமாலை சொல்ல உக்கார்ற இடம்ங்கறத மறக்காதீங்க.

மந்திரிச்ச பொருள உரமா நெனைக்கறது அடுத்தது. தீர்த்தம் மந்திரிக்கறப்ப உப்பு சேக்கற வழக்கம் உண்டு, ரெண்டு சொட்டு தெளிச்சா ஒண்ணும் ஆகாது, பழைய தீர்த்தத்த மண்ணுல ஊத்தறதும் சரியான வழிதான், ஆனா பாட்டில் பாட்டிலா ஒரே தொட்டில ஊத்துனா உப்பு வேர சுட்டுடும். குருத்து ஞாயிறு அன்னிக்கு மந்திரிச்ச குருத்தோலைய குப்பைல போடாம எரிக்கலாம், புதைக்கலாம். எரிச்ச சாம்பல் மண்ணோட காரத்தன்மைய ஏத்தும்ங்கறதால, புளிச்ச (அமிலத்தன்மை உள்ள) மண்ணு கேக்கற செடிங்களுக்குப் போடாதீங்க. தோட்டக்காரங்களோட பாதுகாவலர் புனித ஃபியாக்கர், 7ம் நூற்றாண்டு அயர்லாந்துக்காரர், பிரான்ஸ்ல போயி காய்கறியும் மூலிகையும் பயிர் பண்ணவர், ஆகஸ்ட் 30 திருநாள். அவர்கிட்ட வேண்டிக்கங்க, ஆனா இலைக்கு அடில மாவுப்பூச்சி இருக்கான்னும் திருப்பிப் பாருங்க.

பூத்தத கோவில் பீடத்துக்குக் கொண்டு போறவங்களுக்கு ஒண்ணு. தவக்காலத்துல பீடத்த பூவால அலங்கரிக்கக் கூடாதுன்னு திருப்பலி (பூசை) ஒழுங்கு விதிலயே இருக்கு, நாலாவது ஞாயிறும் பெருவிழா, விழா நாட்களும் மட்டும் விதிவிலக்கு. ஆசையா கொண்டு போயி திரும்பி வர்றதுக்கு முன்னாடி ஃபாதர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

எல்லாத்துலயும் மோசமான தப்பு எதுன்னு கேட்டா, தவக்காலம், திருவருகை மாதிரி சிறப்புக் காலம் எதுவும் இல்லாத பொதுக்காலத்துல தோட்டத்த மறக்கறது. வருஷத்துல 33 இல்லன்னா 34 வாரம் பொதுக்காலம்தான், ஃபாதர் பூசைக்குப் போடற உடுப்பு கூட பச்சை. பெருவிழா ஒண்ணும் பக்கத்துல இல்ல, ஃபோட்டோ எடுக்க ஒண்ணும் இல்ல, அதனால தண்ணி கூட ஊத்த மாட்டோம், அப்பறம் அடுத்த திருவருகைக்கு புதுசா தொட்டி வாங்குவோம். லூக்கா 13ல மூணு வருஷமா காய்க்காத அத்திமரத்த வெட்டச் சொல்றார் சொந்தக்காரர், தோட்டக்காரர் இந்த வருஷமும் விடுங்க, சுத்திக் கொத்தி எரு போடறேங்கறார். அந்த மரம் காய்ச்சுச்சா இல்லையான்னு லூக்கா சொல்லவே இல்ல.

என்கிட்ட ஒரு எலுமிச்சை இருக்கு, மூணு வருஷமா ஒரு பூ இல்ல, பிடுங்கிடலாம்னு நெனைச்சேன். அப்பறம்தான் யோசிச்சேன், அது விதை போட்டு வந்தது, விதைக்கன்னுன்னா காய்க்க அஞ்சாறு வருஷமோ அதுக்கு மேலயோ ஆகலாம், ஒட்டுக்கன்னுதான் சீக்கிரம் காய்க்கும். அதனால நீங்களும் வெட்டறதுக்கு முன்னாடி ஒட்டுக்கன்னா விதைக்கன்னான்னு பாத்துக்கங்க. நான் போன வாரம் சுத்திக் கொத்தி எரு போட்டிருக்கேன்.