மோட்டார் சத்தத்தில் கேட்ட பெயர்: சைக்கோசிஸ் வந்த வீட்டில் நடக்கும் தவறுகள்

என் தாய்மாமாவுக்கு அப்போது 22 வயது. பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடும்போதெல்லாம் அது தன் பெயரைச் சொல்லி ஏசுகிறது என்றார். ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைத் திணித்து அடைத்தார். இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்கினார். கல்லூரிக்குப் போவது நின்றது. வீட்டில் முதலில் பரீட்சை பயம் என்றார்கள், பிறகு காதல் தோல்வி என்றார்கள், கடைசியில் செய்வினை என்று முடிவு கட்டினார்கள். மனநல மருத்துவர் முன்னால் அவர் போய் உட்காருவதற்குள் இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. அவருக்குக் கெடுதல் நினைத்தவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. எல்லாமே பாசத்தோடு செய்த தவறுகள்.

அவருக்கு வந்தது சைக்கோசிஸ். காய்ச்சலைப் போல இதுவும் ஒரு நிலை. காரணம் பலவாக இருக்கலாம். இல்லாத குரல் கேட்கும். சோற்றில் விஷம் வைக்கிறார்கள், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற நம்பிக்கை அசைக்க முடியாதபடி வேரூன்றும். பேச்சு கோர்வை இழக்கும். மனச்சிதைவு நோயில் (ஸ்கிசோஃப்ரினியா) இது வரும். அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயிலும், கடுமையான மனச்சோர்விலும், கஞ்சாப் பழக்கத்திலும் வரும். வயதானவருக்குத் திடீரென்று வந்தால் உடலில் ஏதேனும் தொற்று இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். 'சைக்கோ' என்று சினிமா பழக்கிவிட்ட கொலைகாரனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோதான் இது தொடங்குகிறது. அந்த வயதில் பிள்ளைகள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வது சகஜம் என்பதால், 'தானாகச் சரியாகிவிடும்' என்று காத்திருக்கிறோம். தூக்கம் தலைகீழாவது, குளிக்காமல் இருப்பது, நண்பர்களை விட்டு விலகுவது, வீட்டாரையே சந்தேகிப்பது, தனக்குள் பேசிச் சிரிப்பது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து சில வாரங்கள் நீடித்தால் காத்திருக்கக் கூடாது. சிகிச்சையில்லாமல் கழியும் காலம் நீள நீள, குணமாவது மெதுவாகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

எங்கள் வீட்டில் அதிகமாக நடந்த தவறு வாதாடியது. "மோட்டார் எப்படிடா பேசும்?" என்று தாத்தா தினமும் கேட்டார். ஒருநாள் பக்கத்து வீட்டாரிடம் கெஞ்சி, மாமாவை அழைத்துப்போய் மோட்டாரைக் கழற்றியே காட்டினார். "நான் வருவதற்கு முன்பே நீங்களும் அவர்களும் சேர்ந்து மாற்றி வைத்துவிட்டீர்கள்" என்றார் மாமா. அன்றோடு தாத்தாவும் எதிரிகளில் ஒருவரானார். மூளையில் டோபமின் என்ற ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும், எதைப் பொருட்படுத்தாமல் விட வேண்டும் என்று பிரித்துக் காட்டுவதில் அதற்குப் பங்குண்டு. அது மிகும்போது தற்செயலான சத்தமும் பார்வையும்கூடத் தன்னைக் குறிவைத்தவையாகத் தோன்றுகின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். அப்படி உணர்பவரிடம் தர்க்கம் எடுபடாது. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அவர் சொல்வதும் பிடிவாதம் அல்ல. பலருக்கு அதுவே நோயின் ஒரு கூறு.

அதற்காக "ஆமாம், மோட்டார் பேசுகிறது" என்று ஒத்து ஊதவும் கூடாது. "எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. ஆனால் உனக்குக் கேட்கிறது, அதனால் நீ தவிக்கிறாய் என்பது தெரிகிறது" என்று சொல்லலாம். பிறகு அவரே ஒப்புக்கொள்ளும் ஒரு தொல்லையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கம் வரவில்லை என்பதைப் பலரும் ஒப்புக்கொள்வார்கள். "தூக்கத்துக்காகவாவது டாக்டரைப் பார்ப்போமா?" என்ற கேள்வி, "உனக்கு மனநோய்" என்ற தீர்ப்பைவிட வெகுதூரம் அழைத்துப்போகும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதை நான் குறை சொல்லமாட்டேன். மனநோயாளிகளை அழைத்துப்போகும் குணசீலம் பெருமாள் கோயிலில் கண்ணீரோடு நின்ற என் பாட்டிக்கு அந்த இடம்தான் தெம்பு கொடுத்தது. மருந்தைத் தள்ளிவைத்துவிட்டு நோயாளியை அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் தவறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா இருக்கும் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. பிற்பாடு ஏர்வாடியிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க வழி செய்யப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று தடுப்பதில்லை.

'பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்' என்று ஒரு பழமொழி உண்டு. தீராத சிக்கலைச் சொல்ல வந்த அந்த வாசகத்தின் பின்பாதியை மட்டும் மருத்துவக் குறிப்பாக எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்! திருமணம் சிகிச்சை ஆகாது. நோயை மறைத்துக் கட்டிவைத்தால், புகுந்த வீட்டுக்குத் தெரியக் கூடாதென்று மாத்திரையை நிறுத்துகிறார்கள்; சில மாதங்களில் நோய் திரும்புகிறது; பெண்ணாக இருந்தால் பெட்டியோடு தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிரசவமான பெண்களில் ஆயிரத்துக்கு ஓரிருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், சைக்கோசிஸ் வருகிறது. அதைப் 'பேய் அடித்தது' என்று மந்திரித்துக்கொண்டிருந்தால் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'வளர்ப்பு சரியில்லை' என்று தாயைக் குற்றம் சொல்லும் உறவினர்களுக்கு ஒரு கணக்கு. மனச்சிதைவு நோய் ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு வரக்கூடியது. பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் அது பத்தில் ஒன்று என்ற அளவுக்கு உயர்கிறது. அப்படியும் பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் பிள்ளைகள் கஞ்சாவைத் தொடாமல் இருப்பது மிக முக்கியம். சிறு வயதில் அனுபவித்த கொடுமைகளும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

மருந்துக்கு வருகிறேன். இது தூக்க மாத்திரை, பழக்கமாகிவிடும் என்று அஞ்சுகிறார்கள். 1952-இல் குளோர்புரோமசின் என்ற முதல் மருந்து வந்ததிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் சைக்கோசிஸ் மருந்துகள் போதையூட்டுபவை அல்ல. குரல் அடங்கியதும் "இனி எதற்கு?" என்று நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணம். முதல் முறை வந்தவருக்கே, குணமான பிறகும் ஓரிரண்டு ஆண்டுகள் தொடரச் சொல்வது வழக்கம். பக்கவிளைவுகள் உண்மையானவை: கை நடுக்கம், உடல் இறுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, எடை கூடுதல், சர்க்கரை, சில பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோதல். அவற்றைச் சொன்னால் மருத்துவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். சொல்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.

சோற்றில் விஷம் என்று ஏற்கெனவே பயப்படுபவருக்கு ரசத்தில் மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுத்தோம். தட்டின் அடியில் வெள்ளைத் தூளை மாமா பார்த்த அன்று, அவர் சந்தேகத்துக்கு நாங்களே சாட்சி ஆனோம். அதன் பிறகு பல நாட்கள் வீட்டில் அவர் வாழைப்பழம் மட்டுமே சாப்பிட்டார். இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது, கேட்டிருக்க வேண்டும். இரண்டு மருந்துகள் பலன் தராதவர்களுக்கு, ரத்தப் பரிசோதனையோடு கொடுக்கும் குளோசபின் இருக்கிறது.

குரல்கள் ஓய்ந்த பிறகும் சிலர் மாதக்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அதுவும் நோயின் மிச்சம்தான், சோம்பல் இல்லை. 'தண்டச்சோறு' என்ற ஒரு சொல் அங்கே எவ்வளவு சேதம் செய்யும் என்பதற்கு ஆய்வே இருக்கிறது: வசவும் குறைகூறலும் மிகுந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் வருவது அதிகம் என்று 1960-களிலேயே லண்டனில் கண்டறிந்தார்கள். அக்கம்பக்கத்தார் அவர் தாக்குவார் என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். தற்கொலை ஆபத்துதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. சாவைப் பற்றிப் பேசினாலோ, செத்துப்போ என்று குரல் கட்டளையிடுவதாகச் சொன்னாலோ தனியே விடாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

எங்கே போவது என்று தெரியாமல் நிற்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநல நிலையமும், டாக்டர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய, மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் (SCARF) தொண்டு அமைப்பும் இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்: எப்போது தூக்கம் கெட்டது, முதலில் எதைச் சந்தேகித்தார், ஏதேனும் போதைப் பழக்கம் உண்டா, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார். எங்களிடம் "எப்போது தொடங்கியது?" என்று டாக்டர் கேட்டபோது தாத்தா ஆறு மாதம் என்றார், அம்மா ஒரு வருடம் என்றார். பாட்டி மட்டும் சரியாகச் சொன்னார்: "பக்கத்து வீட்டில் மோட்டார் வைத்த தை மாதம். போன வருடம் அல்ல, அதற்கு முந்தைய தை."