பழைய கிரோனோகிராஃப் வாங்கப் போறீங்களா, முதல்ல பட்டன அமுக்கிப் பாருங்க

தீபாவளி லீவுக்கு சிங்கப்பூர்லருந்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பி ஃபோன்ல ஒரு பழைய கிரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் சேர்ந்த வாட்சு படத்தக் காட்டி, அண்ணே ஆளு நல்ல விலைக்குத் தர்றேங்குறான், நாளைக்குள்ள டெபாசிட் போடணுமாம், எடுக்கலாமான்னு கேட்டான். படத்துல வாட்சு மாப்பிள்ளை மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு. நான் கேட்டது ஒன்னுதான், கீழ் பட்டன அமுக்குனா ஊசி எங்க வந்து நிக்குது? தம்பி முழிச்சான். அதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

நான் வாட்சு வியாபாரி கிடையாது, மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (பாமாயில்) மில்லுல ஃபிட்டர், பேரிங்கு கியர்பாக்ஸ் எண்ணெய்னு காலம் போகுது. கையில மூனு கிரோனோகிராஃப் இருக்கு, மூனும் செகண்ட் ஹேண்ட். முதல் வாட்சுல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். பசார் மாலாம்னு சொல்ற ராத்திரிச் சந்தை பக்கத்துல கார் பார்க், ராத்திரி எட்டு மணி, தெரு லைட் வெளிச்சம், பாக்ஸ் இருக்கு கார்டு இருக்குன்னு ஆளு அடுக்குனான், நானும் காசக் கொடுத்துட்டு சந்தோஷமா மோட்டார்ல வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் மில்லு கேன்டீன்ல கூட்டாளிங்க முன்னாடி ஸ்டாப்வாட்ச்ச ஓடவிட்டு நிறுத்தி ரீசெட் பண்ணா, ஊசி 12க்கு வராம ரெண்டு செகண்ட் தள்ளிப் போய் நிக்குது, நிமிஷக் குட்டி ஊசி இருந்த இடத்த விட்டு அசையவே இல்ல. ஈப்போவுல வாட்சு ரிப்பேர் பண்ற ஒரு சீனப் பெரியவர்கிட்ட கொண்டுபோனேன், மூடியத் தொறந்து லென்ஸ கண்ணுல மாட்டிப் பார்த்துட்டு ஒன்னும் பேசாம என்கிட்ட நீட்டுனாரு. எண்ணெய் பிசின் மாதிரி காஞ்சு கிடக்கு, ஒரு ஸ்க்ரூவக் காணோம். வாட்சு வாங்குன காசுல கிட்டத்தட்ட கால் பங்கு சர்வீஸுக்கே போச்சு. மில்லுல பத்து வருஷமா எண்ணெய் மாத்தாத கியர்பாக்ஸ வெளிய பெயின்ட் அடிச்சு வித்தா நான் வாங்குவேனா? வாட்சுன்னதும் புத்தி மழுங்கிருச்சு.

கிரோனோகிராஃப்னா சாதா வாட்சுக்குள்ள ஸ்டாப்வாட்ச் ஒன்னையும் சேர்த்து உக்கார வச்சது, அவ்ளோதான். கிரோனோமீட்டர்ங்குறது வேற, அது நேரம் சரியா ஓடுதான்னு சோதிச்சுக் கொடுக்குற பட்டம், சுவிஸ்ல கோஸ்க்னு ஒரு அமைப்பு ஒரு நாளைக்கு மைனஸ் 4 செகண்ட்லருந்து பிளஸ் 6க்குள்ள ஓடுதான்னு பார்த்துத் தருது. விக்கிறவனே ரெண்டையும் குழப்பிப் பேசுனா அங்கயே உஷாராயிடுங்க. ஸ்டாப்வாட்ச் சேர்ந்ததால லீவர், ஸ்பிரிங், சின்னச் சின்ன சக்கரம்னு உள்ள சாமான் அதிகம், சர்வீஸ் கூலியும் அதிகம். பட்டன் ரெண்டு கூடுதலா இருக்குறதால தண்ணி பூர்றதுக்கு ஓட்டையும் ரெண்டு கூடுது, நம்ம ஊரு வேர்வைக்கும் மழைக்கும் இது சின்ன விஷயமில்ல.

சரி, வாட்சு கைக்கு வந்தா என்ன பண்றது. பகல்ல வரச்சொல்லுங்க, கோப்பிக் கடை ஓரமா வெளிச்சமான மேசையா பாருங்க, தே ஐஸ் (ஐஸ் டீ) சொல்லிட்டு மேல் பட்டன அமுக்குங்க. நடு ஊசி தயங்காம கிளம்பணும், கிளம்புறப்ப லேசா ஒரு துள்ளல் சில மெஷின்ல இருக்கும், அது கோளாறு இல்ல. இப்ப வாட்ச மேசையில விட்டுட்டு ஊர்க்கதை பேசுங்க. முக்கால்வாசிப் பேர் அஞ்சு செகண்ட் ஓட்டிட்டு நல்லா இருக்குன்னுடுறாங்க, தப்பு அங்கதான், குறைஞ்சது அரை மணி நேரம் ஓடணும். நிமிஷ ஊசி ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு கோடு தாண்டுதா, சில மாடல்ல டக்குன்னு தாவும் சிலதுல மெல்ல நகரும், ஆனா நகரணும். ஸ்டாப்வாட்சோட மணிக் குட்டி ஊசி ஒரு மணி நேரத்துல ஒரு கோடு போகணும், ஸ்டாப்வாட்ச் நின்னிருக்கும்போது அது தானா ஊர்ந்தா உள்ள ஏதோ தேய்ஞ்சிருக்கு. அப்புறம் நிறுத்திட்டு கீழ் பட்டன், எல்லா ஊசியும் நூல் புடிச்ச மாதிரி பூஜ்யத்துல வந்து நிக்கணும், இத ஒரு தடவ இல்ல பத்துத் தடவ பண்ணுங்க, ஆளு மூஞ்சிய சுளிச்சாலும் பரவால்ல. ஓடிக்கிட்டு இருக்கும்போது மட்டும் கீழ் பட்டன அமுக்காதீங்க, ஓடும்போதே ரீசெட் பண்ணக்கூடிய ஃபிளைபேக் மாடல்னு தெரிஞ்சா தவிர. ராத்திரி 9 மணிக்கும் 3 மணிக்கும் நடுவுல ஊசி இருந்தா தேதியத் திருகாதீங்க, அடுத்தவன் வாட்ச உடைச்சிட்டு சண்டை போடாதீங்க.

தே ஐஸ் வந்துச்சா, குடிக்காதீங்க. வாட்ச கொஞ்ச நேரம் கையில கட்டி உடம்புச் சூடு ஏறவிட்டு, அந்தச் சில்லுன்னு இருக்குற கிளாஸ வாட்சுக் கண்ணாடி மேல ஒரு நிமிஷம் ஒட்டி வச்சு எடுத்து, துணியால வெளிய துடைச்சுட்டு பாருங்க. உள்பக்கமா புகை படிஞ்சா ஈரம் உள்ள போயிருச்சுன்னு அர்த்தம், காசக் கொடுக்காம எழுந்திருச்சிடுங்க. இன்னொன்னு, ஃபோன்ல திசைகாட்டி ஆப்ப தொறந்து வாட்ச பக்கத்துல கொண்டுபோங்க, முள்ளு தாறுமாறா ஆடுச்சுன்னா காந்தம் ஏறியிருக்கலாம். கார் பூட்ல பெரிய ஸ்பீக்கர் போட்டு உறுமி மேளம் அதிர விடுற தம்பிங்க வாட்சு அந்த ஸ்பீக்கர் பக்கத்துலயே கிடந்தா இப்படி ஆகும், நேரம் வேகமா ஓடும். காந்தத்த எடுக்குறது சல்லிசு வேல, அதுக்காக நல்ல வாட்ச விட்டுடாதீங்க, விலையக் குறைக்க மட்டும் வச்சுக்குங்க.

வெளிய பார்க்குறதுக்கு ஒன்னுதான் சொல்வேன். பளபளப்புல மயங்காதீங்க. ஸ்ட்ராப்பு சேர்ற கொம்பு நாலையும் பாருங்க, ஓரம் கத்தி மாதிரி கூர்மையா இருந்தா நல்லது, சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருந்தா பல தடவ பாலீஷ் பண்ணியிருக்கான். கீறல் இருக்குற வாட்சுதான் எனக்கு இஷ்டம், அது பொய் சொல்லாது.

எந்த மாடல்னு கேட்டா என் கணக்கு வேற மாதிரி. நம்ம பக்கத்து ரிப்பேர்காரர் தொறந்து பார்க்கக்கூடிய மெஷினா பாருங்க. 7750ன்னு ஒரு மெஷின், 1970கள்லருந்து ஓடுது, பல சுவிஸ் கம்பெனி அதைப் போட்டிருக்கு, டயல்ல குட்டி வட்டம் 12 கிட்ட நிமிஷம், 9 கிட்ட செகண்ட், 6 கிட்ட மணி, கையை ஆட்டுனா உள்ள தானா சாவி ஏத்துற ரோட்டர் சுத்துறது கையிலயே தெரியும். சாமானும் கிடைக்கும், வேல தெரிஞ்ச ஆளும் கிடைப்பாரு. பட்டன் கொஞ்சம் கடினமா இருக்கும், அது இயல்பு. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 1957ல வந்தது, 1969ல விண்வெளி வீரர் ஆல்ட்ரின் நிலாவுல கட்டியிருந்த வாட்சு, அந்த மூன்வாட்ச் ரகம் தினம் சாவி கொடுக்கணும், தேதி கிடையாது, சோம்பேறிக்கு ஆகாது. கண்ணாடி ரெண்டு வகை, பிளாஸ்டிக் வகையில நடு மையத்துல லென்ஸ் வச்சுப் பார்த்தா தூசி அளவு ஒமேகா சின்னம் தெரியும், மாத்திப்போட்ட கண்ணாடியில அது இருக்காம போகலாம். ரோலெக்ஸ் டேய்டோனாவப் பத்தி ஆசைப்படுறவங்களுக்கு, அந்த விலைக்கு மைவி கார் ஒன்னு வாங்கி மிச்சக் காசுல கல்யாணச் சாப்பாடே போடலாம். அப்பவும் வாங்குவேன்னா ஒரு குறிப்பு: 1988லருந்து 2000 வரைக்கும் வந்தது ஸெனித் கம்பெனி மெஷின அடிப்படையா வச்சது, ஓடுற செகண்ட் 9ல இருக்கும், 2000க்கு அப்புறம் சொந்த மெஷின், செகண்ட் 6க்கு எறங்கிடுச்சு. மாடல் ஒன்னு சொல்லி செகண்ட் வேற எடத்துல ஓடுனா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. ஆனா எடம் சரியா இருந்தாலும் நம்பிடாதீங்க, இப்ப டூப்பு மெஷினும் அப்படியே காப்பி அடிச்சு வருது, மூடியத் தொறக்காம யாரும் சத்தியம் பண்ண முடியாது.

அதனால சந்திக்கிற எடமே ரிப்பேர் கடையா வச்சுக்குறது உத்தமம். அவர்கிட்ட டைம்கிராஃபர்னு மெஷின் இருக்கும், மைக் மேல வாட்ச வச்சா அதோட துடிப்ப எழுதிக் காட்டும். ஆம்ப்ளிடியூட்னு ஒரு நம்பர், உள்ள ஆடுற சக்கரம் எவ்ளோ தூரம் வீசுதுன்னு சொல்றது, முழுசா சாவி ஏறுன வாட்ச மல்லாத்தி வச்சா 270லருந்து 310 டிகிரிக்குள்ள இருந்தா ஆரோக்கியம், ஸ்டாப்வாட்ச ஓடவிட்டா கொஞ்சம் எறங்கும், பொதபொதன்னு விழுந்தா எண்ணெய் காஞ்சிருக்கு. ரிப்பேர்காரருக்கு கொஞ்சம் கூலி கொடுங்க, ஓசியில கேக்காதீங்க. ஆளு அங்க வர மாட்டேன்னா பேச்சு முடிஞ்சது.

கார்டு பாக்ஸ் இருந்தா நல்லது, ஆனா பாக்ஸும் தனியா விக்கிறாங்க. கார்டுல இருக்குற சீரியல் நம்பர் வாட்சுல ஒத்துப்போகணும். கடையில வாங்குனா 1946 செகண்ட் ஹேண்ட் டீலர் சட்டப்படி லைசன்ஸ் இருக்கான்னு கேளுங்க. தனி ஆளுகிட்ட வாங்குனா ஐசி (அடையாள கார்டு) நம்பர், சீரியல், தேதி, விலை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க, திருட்டுச் சாமான்னு தெரிஞ்சு வாங்குனா குற்றவியல் சட்டம் 411வது பிரிவுல நீங்களும் மாட்டுவீங்க. காசு போடுறதுக்கு முன்னாடி அக்கவுண்ட் நம்பர, மோசடிப் புகார் இருக்கான்னு பார்க்குற போலீஸோட செமாக் மியூல் தளத்துல தட்டிப் பாருங்க. போட்டு ஏமாந்துட்டா உடனே மோசடிப் புகாருக்குன்னு இருக்குற 997க்கு ஃபோன் அடிங்க, மறுநாள் பார்க்கலாம்னு இருக்காதீங்க.

வாங்குற விலையோட ஒரு சர்வீஸ் காசையும் கூட்டித்தான் பட்ஜெட் போடணும், இப்பத்தான் சர்வீஸ் பண்ணதுன்னு சொன்னா ரசீத நீட்டச் சொல்லுங்க. தோல் ஸ்ட்ராப்பு இந்த ஈரத்துல பூசணம் புடிக்கும், ரப்பரோ துணியோ மாத்திக்குங்க. ஈரக் கையோட பட்டன அமுக்காதீங்க.

அந்தத் தம்பி கேட்ட கதைக்கு வருவோம், ரிப்பேர் கடைக்கு வாங்கன்னு மெசேஜ் போட்டதும் ஆளு பிளாக் பண்ணிட்டான். ரெண்டு மாசம் கழிச்சு ஈப்போவுல 7750 போட்ட ஒரு வாட்ச எடுத்தான், கொம்புல ஒரு பெரிய கீறலோட. பினாங்கு போறப்ப தைப்பிங் தாண்டி நான் ஓட்ட, அவன் வாட்சுல வேகம் காட்டுற டாக்கிமீட்டர் அளவுகோல சோதிச்சான், ஒரு கிலோமீட்டர் கல்லுல அமுக்கி அடுத்த கல்லுல நிறுத்த 33 செகண்ட், ஊசி 110 கிட்ட, கார் மீட்டரும் அதையேதான் காட்டுச்சு. இன்னொரு தடவைன்னான், முன்னாடி செம்பனை லாரி ஒன்னு வழியே விடல, 90தான் வந்துச்சு.