கதவுக் குமிழ் மக்கர் செய்கிறதா? பூட்டில் கை வைக்கும் முன் கீலைப் பாருங்கள்

குமிழைத் திருப்பினால் கதவு திறப்பதில்லை; அல்லது சாத்திய கதவு தானே திறந்துகொள்கிறது. உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடுவோம். நானும் அப்படித்தான் முதல் தடவை ஒரு படுக்கையறைப் பூட்டை முழுதாகப் பிரித்து, துடைத்து, மறுபடி மாட்டினேன். அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் பூட்டில் ஒரு குறையும் இல்லை. மேல் கீலில் இரண்டு திருகுகள் தளர்ந்திருந்தன, அவ்வளவுதான்.

கதவு சாத்தியபடியே சிக்கிவிட்டதா?

முதலில் அதைத் திறந்தாக வேண்டும். குளியலறை, படுக்கையறைக் குமிழ்கள் பலவற்றின் வெளிப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். மெல்லிய கம்பியை நேராக உள்ளே விட்டு அழுத்தினால் உள்தாழ் விடுபடும். அதுவும் ஆகவில்லையா? கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று பாருங்கள். தள்ளித் திறக்கும் கதவு என்றால் நாக்கின் (கதவு விளிம்பிலிருந்து நீண்டு நிலைச் சட்டத்தில் மாட்டும் உலோகத் துண்டு) சரிவான பக்கம் உங்களை நோக்கி இருக்கும். வளையக்கூடிய பிளாஸ்டிக் அட்டையை நிலைக்கும் கதவுக்கும் நடுவே நுழைத்து, நாக்கை உள்ளே தள்ளிவிடலாம். (வங்கி அட்டை வேண்டாம், உடைந்துவிடும்.) இழுத்துத் திறக்கும் கதவில் அட்டை உதவாது. ஆனால் கீல்கள் உங்கள் பக்கமே இருக்கும். ஆணி கழலும் வகைக் கீல் என்றால், ஆணியைக் கீழிருந்து மேலே தட்டி எடுத்துக் கதவையே விலக்கலாம். குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனைகளில் நேரம் போக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள்.

படி 1: திறந்த கதவில் திருப்பிப் பாருங்கள்

கதவைத் திறந்து, அடியில் ஆப்பு வைத்து நிறுத்துங்கள். இப்போது குமிழைத் திருப்புங்கள். நாக்கு முழுதாக உள்ளே போய், விட்டதும் சட்டென்று வெளியே வருகிறதா? வருகிறது என்றால் பூட்டு நன்றாகவே இருக்கிறது. கோளாறு நாக்கும் நிலையும் சந்திக்கும் இடத்தில். படி 2-க்குப் போங்கள். இழுவையாக இருந்தால் நேரே படி 3.

படி 2: நாக்கு எங்கே இடிக்கிறது?

குமிழைப் பிடித்துக் கதவைச் சற்றுத் தூக்கியபடி சாத்துங்கள். அப்போது ஒழுங்காகப் பூட்டிக்கொண்டால் கதவு தொங்கியிருக்கிறது என்று அர்த்தம். மேல் கீலின் திருகுகளை இறுக்குங்கள். துளை பெரிதாகிப்போய்த் திருகு சும்மா சுற்றுகிறதா? மருந்து நீக்கிய தீக்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து, துளை நிறையச் செருகி, நீட்டிக்கொண்டிருப்பதை நறுக்கிவிடுங்கள். ஓர் இரவு காய்ந்ததும் அதே திருகை ஏற்றினால் கச்சிதமாகப் பிடிக்கும். எல்லாத் திருகுகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள், கதவு சாய்ந்துவிடும்.

கீல் இறுக்கமாக இருந்தும் பூட்டவில்லை என்றால், நாக்கின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்துக் கதவைச் சாத்தித் திறங்கள். நிலையில் உள்ள தகட்டில் எங்கே வெள்ளை படிகிறதோ, அங்கேதான் இடிக்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால் தகட்டின் அந்த விளிம்பை அரத்தால் ராவிவிடலாம். அதற்கு மேல் விலகியிருந்தால் தகட்டையே கழற்றி இடம் மாற்ற வேண்டும். பழைய துளைகளுக்கு மறுபடி தீக்குச்சி வைத்தியம்தான்.

ஈரக் காலத்தில் மட்டும் இறுகும் கதவை அவசரப்பட்டு இழைக்காதீர்கள். ஈரத்தில் உப்பிய மரம் காய்ந்ததும் சுருங்கும். அப்புறம் இழைத்த இடத்தில் இடைவெளி தெரியும்.

படி 3: பூட்டைக் கழற்றுதல்

கழற்றும் முன் ஒரு காரியம். குமிழின் இரண்டு திருகுகளையும் அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் திருப்பிப் பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே இருக்கும் பாகங்கள் நெரிபட்டுக் குமிழ் கனமாகும். பல சமயம் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா, சரி, கழற்றுவோம். திருகு கண்ணுக்குத் தெரியாவிட்டால் குமிழின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். சிறு துளையோ பிளவோ இருந்தால் மெல்லிய ஆணியால் அழுத்தியபடி குமிழை இழுக்க வேண்டும். நெம்பு வகைக் கைப்பிடியில் அந்த இடத்தில் ஆலன் கீ (அறுகோணச் சாவி) கொண்டு திருப்பும் திருகு இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கதவின் விளிம்பில் உள்ள இரண்டு திருகுகளையும் எடுத்தால் நாக்குப் பகுதி வெளியே வரும்.

அதை விரலால் அழுத்திப் பாருங்கள். தயங்கித் தயங்கி வந்தால் அழுக்கு. துடைத்துவிட்டு லேசாக சிலிகான் ஸ்பிரே அடித்தால் போதும். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். சாவித் துளைக்குப் பென்சில் கரித்தூள் நல்லது. அழுத்திய நாக்கு திரும்பி வரவே இல்லை என்றால் ஸ்பிரிங் போய்விட்டது. நாக்குப் பகுதியை மட்டும் மாற்றலாம். கதவு விளிம்பிலிருந்து குமிழ்த் துளையின் மையம் வரை அளந்துகொள்ளுங்கள். 60 அல்லது 70 மில்லிமீட்டர் பரவலான அளவுகள்.

படி 4: திரும்ப மாட்டுதல்

நாக்கின் சரிவு, கதவு சாத்தும்போது நிலையில் முதலில் படும் பக்கம் இருக்க வேண்டும். இதை மாற்றி வைத்துவிட்டுப் பூட்டைத் திட்டியவன் நான். திருகுகளை இரு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கதவு திறந்த நிலையிலேயே பத்துத் தடவை திருப்பிப் பார்த்த பிறகுதான் சாத்த வேண்டும். சாத்தும்போது ஸ்க்ரூடிரைவர் உங்கள் கையில் இருக்கட்டும். கதவுக்கு அந்தப் பக்கம் வேண்டாம்.