மசக்கைக் குமட்டலை இயல்பான வழிகளில் தணிப்பது எப்படி?

மசக்கைக் குமட்டல் காலையில் மட்டுமே வரும் என்பதில்லை. பகலிலும் இரவிலும் அதனால் அவதிப்படுவோர் பலர். பெரும்பாலும் 6ஆவது வாரத்தையொட்டித் தொடங்கி, 9ஆவது வார அளவில் உச்சமடைந்து, 12 முதல் 16 வாரங்களுக்குள் தணிந்துவிடுகிறது. அதுவரை சமாளிக்க விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது, வயிற்றைக் காலியாக விடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

இரவு படுக்கும்போதே தலைமாட்டில் உப்பு பிஸ்கட்டோ ரஸ்க்கோ வைத்துக்கொண்டு, விழித்தவுடன் சட்டென்று எழாமல், தலையணையில் சாய்ந்தபடி ஒன்றிரண்டை மென்று தின்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழ வேண்டும். பல் துலக்காமல் உண்பதா என்று தயங்க வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் பற்பசையின் வாசனையே சிலருக்குக் குமட்டலைக் கிளப்பிவிடும். பகலிலும் மூன்று வேளை வயிறு நிறைய உண்பதை விட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக உண்பது நல்லது. சூடான உணவின் மணம் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆறவைத்து உண்ணலாம். தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல், இடைப்பட்ட நேரங்களில் சிறு மடக்குகளாகப் பருகலாம்.

கைவைத்தியங்களுள் ஆய்வுகளின் ஆதரவு ஓரளவு உள்ளது இஞ்சிக்குத்தான். தோல் சீவிய சிறு துண்டை நசுக்கி, கொதித்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இதுவே தொல்லையாகக்கூடும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. மணிக்கட்டின் உட்புற மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் தள்ளி, இரு தசைநாண்களுக்கு நடுவே அழுத்துவதும் சிலருக்கு ஆறுதல் தருகிறது. பலன் உறுதியில்லை என்றாலும் கெடுதல் இல்லை.

இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டினால், தாமாக நிறுத்திவிடாமல், வேளையையோ மாத்திரையையோ மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். வாந்தி எடுத்தவுடன் வாயைத் தண்ணீரால் கொப்பளித்தால் போதும்; அமிலம் பட்ட பற்களை உடனே துலக்கினால் எனாமல் தேயும் என்பதால், அரை மணி நேரமாவது கழித்துத் துலக்கலாம்.

ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாவிட்டாலோ, கழியும் சிறுநீர் அடர்ந்த நிறத்தில் இருந்தாலோ, வாந்தியில் இரத்தம் தென்பட்டாலோ, எடை குறைந்துகொண்டே போனாலோ, காய்ச்சலோ வயிற்றுவலியோ சேர்ந்து வந்தாலோ, வீட்டு வழிகளைக் கைவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.