எகிப்துக் கதையில் பழிவாங்கும் பூசாரிணியை எழுதுவது எப்படி?

கத்தியையும் விஷத்தையும் முதலில் ஓரமாக வையுங்கள். எதிரியின் பெயரைச் சிவப்பு மண்பானையில் எழுதிப் போட்டு உடைப்பது, மெழுகில் பொம்மை செய்து, அதன்மேல் துப்பி, இடது காலால் மிதித்து, கடைசியில் நெருப்பில் போடுவது, இதெல்லாம் அங்கே சடங்காகவே நடந்தது. இதை அவசரப்படாமல் எழுதுங்கள், மெழுகு விரலில் ஒட்டட்டும், ஓடு சிதறும் சத்தம் கேட்கட்டும்.

அவளுக்குப் பதவி வேண்டுமா? தீப்ஸ் நகரில் அமூன் என்ற கடவுளுக்குப் பணி செய்யும் பூசாரிணிக்கு 'அமூனின் தேவ மனைவி' என்றொரு பட்டம் இருந்தது, பெண் மன்னரான ஹட்செப்சுட்டே அதை வகித்தவர்தான். அங்கே கர்னாக் கோயிலில் அவர் கட்டிய சிவப்புச் சன்னதியில், தேவ மனைவி எதிரிகளின் உருவத்தை எரிக்கும் சிற்பமே இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி அது.

அப்புறம், எதிரியைக் கொல்ல வேண்டாம். அவன் கல்லறைச் சுவரில் இருக்கும் பெயரை அவள் உளியால் கொத்தி எடுக்கட்டும். பெயர் அழிந்தால் மறுமையும் போச்சு என்றுதான் அவர்கள் நம்பினார்கள்.