சான் அன்டோனியோ மிஷன் தேவாலயங்களைக் கட்டணமின்றிப் பார்க்க

டெக்சஸின் சான் அன்டோனியோவில் உள்ள ஸ்பானிய மிஷன் (கத்தோலிக்க மதப்பரப்புக் குடியிருப்பு) தேவாலயங்களை உள்ளேயும் பார்க்க விரும்புவோர் கான்செப்சியோன், சான் ஹோசே, சான் ஹுவான், எஸ்படா ஆகிய நான்கிற்கும் வார நாளின் காலையில் செல்வது நல்லது. நான்கிலும் நுழைவுக் கட்டணம் இல்லை.

வளாகங்களைத் தேசியப் பூங்காத் துறை பராமரித்தாலும், தேவாலயங்கள் இன்றும் கத்தோலிக்கப் பங்கு ஆலயங்களாகவே இயங்குவதால், வார இறுதிகளில் திருப்பலி, திருமணம், ஞானஸ்நானம் ஆகியவற்றின்போது உள்ளே சுற்றிப் பார்க்க இயலாது. அங்கே மன்றாடுவோரில் சிலர், 18ஆம் நூற்றாண்டில் இந்த மிஷன்களில் வாழ்ந்த பழங்குடியினரின் வழித்தோன்றல்கள் என்பதால், அந்த நேரத்தை அவர்களுக்கே விட்டுவிடுவதுதான் முறை. கூட்டமில்லாத காலையில், 1755இல் அர்ச்சிக்கப்பட்ட கான்செப்சியோனில் எஞ்சியுள்ள பழைய வண்ண ஓவியங்களை, குறிப்பாக ஓர் அறையின் கூரையில் மீசையுடன் தெரியும் சூரிய முகத்தை, நிதானமாகக் காணலாம்.

வழிபாட்டிலேயே பங்கேற்க விரும்புவோருக்கு இது பொருந்தாது. அவர்கள் மரியாச்சி எனும் மெக்சிகோ நாட்டுப்புற இசையுடன் சான் ஹோசேயில் நடைபெறும் ஞாயிறு திருப்பலிக்குச் செல்லலாம். இறுதிச் சடங்கு எந்த நாளிலும் நடைபெறலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதே நகரில் உள்ள மற்றொரு பழைய மிஷனான அலமோ இந்த நான்கில் சேராது; அதன் நிர்வாகம் வேறு. கலிஃபோர்னியாவின் சான் ஹுவான் கபிஸ்ட்ரானோ போன்ற மிஷன்களில் நுழைவுக் கட்டணம் உண்டு.