பட்டாளத்துக்குப் போன முன்னோரைத் தேடும் முறை

பிரிட்டிஷ் காலத்து இந்தியப் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்த முன்னோரைத் தேடுபவர்கள் பெரும்பாலும் அவருடைய பெயரிலிருந்து தொடங்கித் தடம் மாறிவிடுகிறார்கள். முத்துசாமி என்ற பெயரை அன்றைய எழுத்தர்கள் ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதியிருப்பார்கள். அதே பிரிவில் வேறு முத்துசாமிகளும் இருந்திருக்கக்கூடும். ஆகவே முதலில் அவருடைய படை எண்ணையும் படைப்பிரிவையும் கண்டுபிடிக்க வேண்டும். எண் மட்டும் போதாது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரே எண் வெவ்வேறு பிரிவுகளில் வெவ்வேறு ஆட்களுக்கு உரியதாக இருந்தது.

இவ்விரண்டும் பெரும்பாலும் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கும். பணியிலிருந்து விடுவித்த சான்று, ஓய்வூதியத் தாள், கடித உறை ஆகியவற்றைப் பாருங்கள். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் கிடைத்தால், அதன் விளிம்பில் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். பதக்கம் வெள்ளியாக இல்லாமல் வெண்கலமாக இருந்தால், அவர் துப்பாக்கி ஏந்தாத தொழிலாளர் பிரிவில் இருந்திருக்கலாம். அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

போரில் இறந்தவரைத் தேடுவது எளிது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேடு இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களையும் உள்ளடக்கியது, கட்டணமும் இல்லை. முதற்போருக்கு 1914 ஆகஸ்ட் முதல் 1921 ஆகஸ்ட் வரையும், இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் முதல் 1947 டிசம்பர் வரையும் நேர்ந்த இறப்புகள் அதில் இடம்பெறும். இந்தியச் சிப்பாய்களின் பதிவுகள் பலவற்றில் தந்தை பெயர், மனைவி பெயர், ஊர், தாலுகா வரை குறிக்கப்பட்டிருப்பதால், குடும்ப வரலாறு எழுதுபவருக்கு அது பெரும் புதையல். நினைவுக் கல்லை மட்டும் நம்ப வேண்டாம்: ஈராக்கின் பஸ்ரா நினைவகத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன, சிப்பாய்களுக்கோ படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கை மட்டுமே.

உயிரோடு திரும்பியவரின் தடம் மங்கலானது. அவருடைய பணிப்பதிவு எஞ்சியிருந்தால், அந்தந்த ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்தில்தான் இருக்கும். மதராஸ் சாப்பர்கள் எனப்படும் படைப் பொறியியல் பிரிவுக்கு அது பெங்களூரு, மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியின் வெலிங்டன். எண், பிரிவு, உறவுமுறைச் சான்று ஆகியவற்றுடன் கடிதம் எழுதுங்கள். லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும், படைப்பிரிவுகள் அன்றாடம் எழுதிய போர் நாட்குறிப்புகளில் சிப்பாய்களின் பெயர்கள் அரிதாகவே வரும். ஆனால் அவருடைய பிரிவு எந்த நாளில் எங்கே இருந்தது என்பது அங்கே தெரியும். "தாத்தா பஸ்ராவில் இருந்தார்" என்று பாட்டி சொன்னதை அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டின் சில ஊர்களில், அவ்வூரிலிருந்து முதற்போருக்கு எத்தனை பேர் சென்றார்கள், எத்தனை பேர் உயிரிழந்தார்கள் என்று மட்டும் கூறும் கல்வெட்டுகள் உள்ளன. உங்கள் ஊரில் அத்தகைய கல் இருந்தால், போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் கூடுதல் விவரப் பகுதியில் ஊர்ப்பெயரை வெவ்வேறு ஆங்கில எழுத்துக்கோவைகளில் தேடி, கல் சொல்லும் உயிரிழந்தோர் எண்ணிக்கைக்குரிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.